மையில் எழுதிய பெயர்

போன மாதம் எங்கள் சுகாதாரத் துறையைச் சேர்ந்த இளைஞர்கள் இரண்டு பேர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். செல்போனில் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினார்கள். எந்தத் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அன்றைக்கே அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்துவிடுமாம்.

"தப்பா விழுந்துட்டா?" என்று கேட்டேன்.

"ஒரு தட்டுத் தட்டினா அழிஞ்சுடுங்க ஐயா."

சொன்னவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலத்தில் காய்ச்சலின் மூலத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எழுதிக் கொடுங்களேன் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எழுதுகிறேன். ஆனால் நான் கண்டுபிடித்த பெருமையை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். கொல்லிமலையில் ஒரு மனிதரின் பெயரை அவசரப்பட்டு மையில் எழுதினேன். அதனால் அவருடைய சொந்த ஊரிலேயே அவருக்கு நெருப்பும் தண்ணீரும் இல்லாமல் போயிற்று. அதைத் திருப்பி வாங்கிக் கொடுக்க முடியுமா முடியாதா என்று அலைந்த நாட்களைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தெரியும்.

சுகாதார ஆய்வாளர் பயிற்சி ஒரு வருடம். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு, கழிப்பறைக் குழி எத்தனை அடி, அம்மை குத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வருடத்தில் எனக்கு நன்றாக நினைவிருப்பது பாடம் அல்ல, காய்ச்சல். விடுதியில் ஏழெட்டுப் பேருக்கு ஒரே சமயத்தில் டைபாய்டு வந்தது. நானும் நாற்பது நாள் படுத்துக் கிடந்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பிழைத்து எழுந்ததும் அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்து என்னைத் தேற்றினாள். ஆறு மாதத்தில் முன்னைவிடப் பருத்துவிட்டேன். அதோடு அந்தக் காய்ச்சலை மறந்தும்விட்டேன். இதைப் படிப்பவர்கள் மறக்க வேண்டாம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மலேரியாவை ஒழிக்க வீடு வீடாக மருந்தடிக்கும் வேலைக்கு என்னைக் கொல்லிமலைக்கு அனுப்பினார்கள். தற்காலிக வேலை. ஒரு வருடம் புகார் எதுவும் இல்லாமல் முடித்தால் நிரந்தரம். நாங்கள் போக வேண்டிய ஊர்களுக்கு பஸ் கிடையாது. அடிவாரத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு காலையில் ஏற ஆரம்பித்தால் மத்தியானம் மேலே போய்ச் சேரலாம். அரியூர் நாடு என்ற ஊர்க்கூட்டத்தில் ஓர் ஓட்டு வீடுதான் எங்களுக்கு முகாம். நான், மருந்து பம்பு அடிக்க இரண்டு பேர் (பார்க்கப் பையன்கள் போல இருந்தாலும் பிள்ளைகுட்டிக்காரர்கள்), பிறகு சடையன். மொத்தம் நான்கு பேர்.

சடையன் மலையிலேயே பிறந்தவர். பலாமரத்துப்பட்டிக்காரர். மருந்து டின்களைத் தலையில் தூக்கி வருவதும், வழி காட்டுவதும், எங்களுக்குச் சமைப்பதும் அவர் வேலை. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை "சடையா, வா" "சடையா, போ" என்றுதான் கூப்பிட்டேன். அன்றைக்கு அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. இன்றைக்கு எழுதும்போது கூசுகிறது.

மருந்தடிக்கும் நாளில் வீட்டுக்குள் இருக்கும் அத்தனையையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். பானை, முறம், சாமை மூட்டை, தொட்டில், எல்லாம். சுவர் காயும்வரை உள்ளே போக முடியாது, அடுப்புப் பற்றவைக்க முடியாது. ஆகவே நாங்கள் வருகிறோம் என்று தெரிந்தாலே ஊரே வீட்டை இழுத்துச் சாத்திவிட்டுக் காட்டுக்குப் போய்விடும். முதல் இரண்டு ஊர்களில் பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. உலை வைக்க முடியாது என்பதுதானே இவர்கள் கஷ்டம், அன்றைக்கு ஊருக்கே நாம் கூழ் ஊற்றினால் என்ன? முதல் நாள் சாயங்காலம் சடையன் ஒரு பெரிய அண்டாவில் கேழ்வரகுக் களி கிண்டி ஆறவைப்பார். அதை உடைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, மறுநாள் காலையில் மோர் ஊற்றிக் கரைத்து, வெங்காயம் வெட்டிப் போட்டு ஊர் மந்தையில் வைத்து ஊற்றுவோம். முதல் தடவை யாரும் கிட்டவே வரவில்லை. சர்க்கார் கூழ் என்று தள்ளி நின்று பார்த்தார்கள். நான் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, அண்டாவுக்குள் கையை விட்டுக் கரைக்க ஆரம்பித்தேன். ஒரு கிழவர் கைகொட்டிச் சிரித்தார்.

"ஏனுங்க, இன்ஸ்பெக்டரு கூழுங்களா இது? அப்ப ஒரு வாய் குடிச்சுத்தான் பாக்கோணும்!"

அதற்குப் பிறகு கதவு பூட்டிய ஊரே கிடையாது. சாயங்காலம் களியை உடைத்துப் போடுவதும் காலையில் கரைப்பதும் என் கைவேலை என்று ஆகிவிட்டது. கீழே அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் காய்ச்சல் ஊத்துக்காட்டில் வந்தது. ஒரே வாரத்தில் அங்கே ஐந்து பேர் படுத்தார்கள். மலேரியா என்றால் குளிர் வந்து, காய்ந்து, வியர்த்து இறங்கிவிடும். இது இறங்கவே இல்லை. நாளுக்கு நாள் படி ஏறியது. நாக்கு வெளுத்து, வயிறு உப்பி, கண் சொருகிப் படுத்துக் கிடந்தார்கள். நானே படுத்துப் பார்த்த காய்ச்சல்தான், பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அடுத்து பலாமரத்துப்பட்டி. அதற்கடுத்து சாமக்காட்டுப்பட்டி.

நான் ஊற்றுகளைச் சந்தேகித்தேன். மூங்கிலைப் பிளந்து தண்ணீர் இறக்கி வரும் ஒவ்வோர் ஊற்றுக்கும் ஏறிப் போனேன். மேலே மாடு கட்டியிருக்கிறார்களா, யாராவது ஒதுங்குகிறார்களா என்று பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டேன். தண்ணீர் நாறுகிறது என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். மூன்று ஊருக்கும் மூன்று தனித்தனி ஊற்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. பிறகு எப்படி? ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை. என் வேலை நிரந்தரமாக வேண்டிய அந்த ஒரு வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அதையும் நினைத்தேன், மறைக்க மாட்டேன்.

ஊர்க்காரர்கள் மட்டும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். "நீங்க அடிச்ச மருந்துதானுங்க." அறியாமை என்று தள்ளிவிட்டேன்.

மாவட்டத்திலிருந்து சுகாதார அதிகாரி டாக்டர் சாமுவேல் ஏறி வந்தார். ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, தெற்கத்திக்காரர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. எல்லோரையும், பம்பு அடிப்பவர்களையும்கூட, "நீங்க" என்றுதான் சொல்வார். வெளியே எதையும் வாயில் வைக்க மாட்டார். தோலோடு அவித்த முட்டை நான்கும், கொதித்த தண்ணீர் நிரப்பிய பிளாஸ்க்கும் அவர் பையிலேயே இருக்கும். கை கழுவும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுதாகத் தேய்ப்பார். பார்க்கிற நமக்குத்தான் பொறுமை போய்விடும்.

வந்து உட்கார்ந்ததும் என் பதிவேட்டைக் கேட்டார். பெயர், வயது, படுத்த தேதி, தண்ணீர் எடுக்கும் இடம், கடைசிப் பத்தியில் 'தொற்றின் மூலம்'. எல்லாம் பேனாவில் எழுதியிருந்தேன்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் கடைசிப் பத்தியில பென்சிலாலதான் எழுதணும் இன்ஸ்பெக்டர்," என்று சொல்லி, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "இந்தத் தேதி எல்லாம் அவங்க சொன்னதா?"

"இல்லீங்க சார். இவங்களுக்குத் தேதி தெரியாது. வாரச் சந்தையை வெச்சுச் சொல்வாங்க. நான் தேதியா மாத்தி எழுதிக்கிட்டேன்."

"மாத்தாம எழுதியிருக்கலாமே. வாங்க, மறுபடி கேப்போம்."

மூன்று ஊரும், ஒவ்வொரு வீடும் மறுபடி நடந்தோம். காய்ச்சல்காரரின் பாய் அருகே மண்ணில் உட்கார்ந்து அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். எப்போது படுத்தார்? பதில் வந்ததும் சொன்னபடியே நான் எழுத வேண்டும்.

"மருந்தடிச்சு ரெண்டு சந்த கழிச்சுங்க."

"மருந்தடிச்சாங்கல்ல, அதுக்கு ரெண்டாம் சந்தைக்குப் போயிட்டு வந்து படுத்தவளுங்க."

"ரெண்டு சந்தைகூட முழுசா ஆகலீங்க சாமி, மருந்தடிச்சு."

நான்காவது வீட்டில் என் பென்சில் நின்றுவிட்டது. இதே வார்த்தைகளைத்தான் முன்பும் என்னிடம் சொல்லியிருந்தார்கள். மருந்தடித்த நாளை நாள் எண்ணுவதற்கு ஓர் அடையாளமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்து, அதைக் கழித்துவிட்டுத் தேதியை மட்டும் எழுதிக்கொண்டேன். டைபாய்டுக் கிருமி வயிற்றுக்குள் போய்க் காய்ச்சலாக எழும்பச் சுமார் இரண்டு வாரம் ஆகும். ஊத்துக்காடு, பலாமரத்துப்பட்டி, சாமக்காட்டுப்பட்டி. நாங்கள் மருந்தடித்துக்கொண்டே போன வரிசையில்தான் காய்ச்சலும் எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறது.

"மருந்துல டைபாய்டு வராது," என்றார் டாக்டர். "அன்னைக்கு வேற என்ன நடக்கும்?"

"கூழ் ஊத்துவோம் சார்."

"யார் காய்ச்சறது?"

"சடையன் சார்."

பொய் இல்லை. காய்ச்சுவது சடையன்தான். நான் கரைப்பதை நான் சமையல் என்றே நினைத்ததில்லை. அது ஜனங்களோடு பழகுவது என்று எனக்குள் ஒரு நினைப்பு.

டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊகம் என்பது அவருக்கு ஆகாது. கூழை உடனே நிறுத்தச் சொன்னார். "முன்னால எப்பவோ டைபாய்டு வந்து குணமான ஆளு ஒருத்தர் உடம்புல கிருமி தங்கியிருக்கலாம். அவருக்கு ஒரு நோவும் இருக்காது. கக்கூஸ் போற எடத்துல இருந்து கையில ஒட்டும், கையில இருந்து சாப்பாட்டுக்குப் போகும். நாலு பேரோட மலமும் சோதனைக்குப் போகணும். என்னோடதும் சேத்து அஞ்சு பாட்டில்." என்னையும் சேர்த்துச் சொன்னதில் எனக்குச் சிறிது மனக்கசப்பு. பாட்டில்களில் ஐந்து பெயரையும் பென்சிலால் எழுதி ஒட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார். முடிவு வரப் பன்னிரண்டு நாளாவது ஆகும் என்றார்.

அன்று சாயங்காலம் சடையனை உட்கார வைத்துக் கேட்டேன்.

"உனக்கு எப்பவாச்சும் நாள்பட்ட காய்ச்சல் வந்திருக்கா?"

"வந்துதுங்க சாமி. கலியாணம் ஆன வருசம். நாப்பது நாளு கெடந்தனுங்க. கஞ்சித் தண்ணிதான். தானாப் போயிருச்சு."

எனக்கும் நாற்பது நாள்தான். ஆனால் என்னுடையது டாக்டர் பார்த்து, மருந்து கொடுத்துக் குணமானது. அவருடையது வைத்தியம் பார்க்காதது, தானாகப் போனது. என் மூளை அன்றைக்கு அப்படித்தான் ஓடியது. இரண்டும் ஒரே காய்ச்சல் என்று படித்தவனுக்கு உறைக்கவில்லை. உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்து, கடைசிப் பத்தியில், பேனாவால், 'சமையல் ஆள் சடையன்' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. அந்த இரவு நன்றாகத் தூங்கினேன்.

பலாமரத்துப்பட்டி ஊர்க்கவுண்டரின் மகன் செல்லக்கண்ணு. இருபது வயது. அவனுக்குத்தான் காய்ச்சல் கடுமையாக இருந்தது. கையிலிருந்த மாத்திரைகளை எண்ணி எண்ணிக் கொடுத்துவந்தோம். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் காய்ச்சல் சட்டென்று இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குப் பயம். நாடியைப் பிடித்தால் ஓடுகிறது, வயிற்றைத் தொட்டால் பலகை மாதிரி இருக்கிறது. குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. கீழே கொண்டுபோனால்தான் உண்டு.

மூங்கிலில் கம்பளி கட்டித் தூளி ஆக்கினோம். முன் கொம்பைத் தோளில் வாங்கியவர் சடையன். செல்லக்கண்ணு அவருக்குப் பங்காளி மகன் முறை. "கண்ணு, இந்தா வந்துட்டம், இந்தா வந்துட்டம்," என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் நாடியைப் பார்த்தேன். பாதி மலை இறங்குவதற்குள் பார்க்க நாடி இல்லை. அங்கேயே ஒரு பாறை நிழலில் தூளியை இறக்கி வைத்தோம். பிறகு மறுபடி மேலே சுமந்தோம்.

அடக்கம் முடிந்ததும் ஊர்க்கவுண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சாமி, நீங்க படிச்சவிய. எதனால போனான் எம்பையன்? கையில இருந்து வருதுன்னு டாக்டரு சொன்னாராமே, ஆரு கையிங்க அது?"

முடிவு வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்று சொல்லத் தைரியம் வரவில்லை. எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

"சடையன் கையிலிருந்து வந்திருக்கலாமுங்க," என்றேன்.

'இருக்கலாம்' என்ற சொல் யார் காதிலும் விழவில்லை. மறுநாளே ஊர் கூடியது. சடையன் வீட்டுக்கு யாரும் நெருப்புத் தருவதில்லை, அவர் வீட்டிலிருந்து யாரும் வாங்குவதில்லை, ஊற்றில் அவர் வீட்டுக் குடம் வைக்கக் கூடாது. மலையில் ஒரு வீட்டு அடுப்பு அணைந்தால் பக்கத்து வீட்டிலிருந்து கங்கு எடுத்து வருவதுதான் வழக்கம். அதை நிறுத்தினால் அந்த ஆள் ஊரில் இல்லை என்று அர்த்தம். சடையனும் அவர் மனைவியும் மரவள்ளிக் காட்டின் ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். என்னிடம் வந்து அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எம்பேர எழுதிட்டீங்களா சாமி, பொஸ்தகத்துல?"

நான் தலையாட்டினேன். அவர் திரும்பி நடந்தார்.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் தானே ஏறி வந்தார். முடிவைத் தபாலில் அனுப்பியிருக்கலாம், வந்தார். முகாமில் நான் மட்டும் இருந்தேன். கடிகாரத்தைக் கழற்றி வைத்தார், ஒரு நிமிடம் கை கழுவினார், துடைத்தார். அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் முடியவில்லை.

"சடையன் பாட்டில்ல ஒண்ணும் இல்ல. பம்பு அடிக்கறவங்க ரெண்டு பேரோடதுலயும் இல்ல. என்னோடதுல இல்ல." பிறகு கேட்டார்: "களியை ஆறவெச்சதுக்கு அப்புறம் யார் கை படுது?"

"நான்தான் சார் உடைச்சுப் போடுவேன். நான்தான் கரைப்பேன்."

"காய்ச்சல் வந்திருக்கா?"

"பயிற்சியில சார். நாப்பது நாள்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பதிவேட்டைத் திறந்தார். கடைசிப் பத்தியில் என் பேனா எழுத்தைப் பார்த்தார்.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டுத் தேம்பி அழுதேன். வேலை போகும் என்பதற்காக அல்ல. நான் கரைத்துக் கொடுத்ததைச் செல்லக்கண்ணு இரண்டு தடவை வாங்கிக் குடித்தான். இரண்டாவது தடவை, "இன்ஸ்பெக்டரு கைப் பக்குவம்!" என்று கேலி செய்துவிட்டுப் போனான்.

மறுநாள் இருவரும் பலாமரத்துப்பட்டிக்குப் போனோம். ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று நான் சொன்னேன். "சடையன் மேல தப்பில்லீங்க. கிருமி என் உடம்புல இருக்குது. கூழைக் கரைச்சது நான்தானுங்களே, நீங்களே பாத்தீங்க. உங்க பையன் செத்தது என் கையாலதானுங்க."

என்னை அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கவுண்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்குளுக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"இல்லீங்க."

"நோவே இல்லாதவரு நோவக் குடுப்பீங்களா? அதுமில்லாம, நீங்க நாளைக்கு நாலு தரம் சோப்புப் போடற ஆளு. எங்களையும் போடுங்க, போடுங்கன்னு உசுர எடுத்தவரு. வேண்டாஞ் சாமி. நீங்க நல்லவரு. ஒரு ஏழைக்காகப் பழிய உங்க தலைல இழுத்துப் போட்டுக்கறீங்க."

கூடி நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் கத்தினேன். சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய நான் இன்னும் நல்லவனாகிக்கொண்டே போனேன். ஒரு பொய்யை நான் எவ்வளவு சுலபமாக அவர்கள் மனசில் ஏற்றிவிட்டேன், உண்மையை ஏற்ற முடியவில்லை என்று தவித்துப்போனேன்.

டாக்டர் முன்னால் வந்தார். "சடையன் எங்க இருக்காரு? அவரை வரச் சொல்லுங்க," என்றார்.

சடையன் வந்து மந்தைக்கு வெளியே நின்றார். டாக்டர் அவரிடம் போய், "அண்ணே, எனக்குக் கொஞ்சம் களி கிண்டி, ஆறவெச்சு, நீங்களே உங்க கையால கரைச்சுக் குடுக்கணும். நாளைக் காலையில இங்கயே வெச்சுக் குடிக்கறேன்," என்றார். சடையன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் ஊர் முழுவதும் மந்தையில் இருந்தது. சடையன் குடிசையிலிருந்து ஒரு சிறிய பானையைத் தூக்கி வந்தார். எல்லோர் முன்பும் கரைத்தார். மோர் பாதி வெளியே சிந்தியது. அவித்த முட்டையைத் தவிர மலையில் எதையும் தொடாத டாக்டர் சாமுவேல், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். இன்னும் கொஞ்சம் என்று நீட்டினார். கவுண்டரைப் பார்த்துச் சொன்னார்:

"மூணு சந்தை எண்ணுங்க கவுண்டரே. இருபத்தொரு நாள். அடுத்த நாள் நான் இங்க வருவேன். வரலேன்னா நீங்க நெனச்சதுதான் சரி."

நாளுக்கு ஒரு கல் என்று கணக்கு வைக்க, கவுண்டர் கோயில் மேடையில் முதல் கூழாங்கல்லை எடுத்து வைத்தார்.

இறங்கும் வழியில் டாக்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "டைபாய்டு வராது. மலேரியா வந்துட்டாத்தான் இன்ஸ்பெக்டர் வம்பு. காய்ச்சல் காய்ச்சல்தானே இவங்களுக்கு. மாத்திரை போட்டுக்கறேன். நீங்க எதுக்கும் உங்க சாமியை வேண்டிக்கோங்க."

அந்த இருபத்தொரு நாளும் நான் பட்ட பாடு! மாற்றல் உத்தரவு வரும்வரை மேலேயே இருந்தேன். எனக்குத் தனிச் சட்டி, தனிக் குவளை, யார் சோற்றையும் தொடுவதில்லை. தினமும் காலையில் போய் மேடையில் கற்களை எண்ணுவேன். எனக்கு முன்பே சடையன் தூரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருப்பார். தபால்காரர் வருகிறார் என்றால் பாதிவழிக்கே ஓடுவேன். டாக்டருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், அந்த மனிதர் சாகும்வரை காட்டோரத்தில்தான்.

இருபத்திரண்டாம் நாள் விடிந்ததிலிருந்து மழை. மத்தியானம் ஆனது, டாக்டர் வரவில்லை. பாதை உச்சியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். கொஞ்சம் தள்ளி ஒரு பலாமரத்தடியில் சடையன். பின்னால் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். "இருட்டறதுக்குள்ள வரோணும்," என்றார் கவுண்டர். மஞ்சு இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கீழே யாரோ இருமும் சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது. இருமலோடு வருகிறாரே!

சேறு அப்பிய கால்சட்டை, காலெல்லாம் அட்டைக்கடி, மூச்சு வாங்கிக்கொண்டு டாக்டர் மேலே வந்தார். வந்த வேகத்தில் கவுண்டரின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தார். கவுண்டர் கையை எடுக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும், டாக்டர் கை கழுவுகிற அளவு நேரம். பிறகு கவுண்டர் தன் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். அவர் மனைவி, மகனை இழந்த அந்த அம்மாள், உடைந்த ஓட்டில் நெருப்புக் கங்கு வைத்து, மழை படாமல் முறத்தால் மூடிக்கொண்டு வந்து சடையனிடம் நீட்டினாள். சடையன் அதை வாங்கும்போது அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

என் கதை சுருக்கமானது. புகார் எதுவும் போகவில்லை. டாக்டர் உண்மையை எழுதி, அதோடு என்னை வைத்துக்கொள்ளவும் எழுதினார். ஆபரேஷன் செய்து, கிருமி தங்கியிருந்த பித்தப்பையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று சோதனையிலும் கிருமி இல்லை என்று வந்தது. இருந்தாலும் என் மகள் கலியாணத்தில்கூட நான் பந்தியில் ஓர் அப்பளம் எடுத்து வைக்கவில்லை. சம்பந்தி வீட்டார் என்னைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மலையை விட்டு இறங்கிய அன்று சடையன் என் பெட்டியைத் தூக்க வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. புறப்படுவதற்கு முன் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"சடையண்ணா, இதுதாங்க உங்க பேரு. அடிச்சுட்டேன், பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார்.

"அடிச்சுப்போட்டீங்க. ஆனா அடியில தெரியுதுங்களே சாமி."

மை அப்படித்தான். அவர் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.

"இது ஆரு பேருங்க?"

"என் பேருங்க. நானே எழுதினேன்."

"பேனாவிலயா?"

"பேனாவிலதான்."

"இத அடிக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டேனுங்க."

"அப்பச் செரிங்க," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சடையன் முன்னால் நடந்தார்.